“இன்று பறக்க முடியாது” என்று சொல்லும் உரிமை

சிறு விமானத்தில் ஏறி இமயமலையைப் பார்ப்பது, ஹெலிகாப்டரில் ஏறிக் கோயிலுக்குப் போவது, கடற்கரைக்கு மேலே பத்து நிமிஷம் சுற்றி வருவது ஆகிய இவையெல்லாம் ஒரு காலத்தில் சினிமாவில் பார்த்த காட்சிகள். இன்று நிலைமை வேறு. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என்று நமது தொழிற்பேட்டைப் பகுதியில் வேலை செய்கிற குடும்பங்களையும் இந்த ஆசை எட்டிவிட்டது. போனஸ் பணம் கைக்கு வந்ததும் வயதான தாய் தகப்பனாரைக் கேதார்நாத்துக்கு அழைத்துப் போக நினைக்கிற மகன் இருக்கிறான். காட்மாண்டுவுக்குப் போகிற யாத்திரைக் கோஷ்டியிடம், “இவ்வளவு தூரம் வந்தீர்கள், எவரெஸ்ட்டையும் பார்த்துவிட்டுப் போங்கள்” என்று டிராவல்ஸ்காரர் சொல்கிறார்.

“இது பணக்காரர் விவகாரம், நமது பத்திரிகையில் எதற்கு?” என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். ஆகாய விமானம் நமது பகுதிக்கு அன்னியப் பொருள் அல்ல. வல்லம் வடகாலில் விமானத் தொழிலுக்கென்றே தொழிற்பூங்கா இருக்கிறது. பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022ல் தொடங்கிய போராட்டம் நாடறிந்தது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. விமானத்தை ஓட்டுகிறவரும், அதைப் பழுது பார்க்கிறவரும், வாசலில் நின்று நம்மை ஏற்றிவிடுகிறவரும் சம்பளத்துக்கு உழைக்கிற தொழிலாளிகளே. அவர்களுடைய வேலை நிலைமைதான் நமது உயிரின் நிலைமை. டிக்கெட் வாங்குகிற பிரயாணி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

திருச்சிக்காரர் எட்டுப் பேர்

2011 செப்டம்பர் 25. நேபாளத்தில் எவரெஸ்ட் சிகரத்தைக் காட்டிவிட்டுக் காட்மாண்டுவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சிறு விமானம் ஒன்று, நகரத்துக்கு அருகிலுள்ள கோட்டண்டா என்ற இடத்தில் மலைச்சரிவில் மோதியது. 16 பிரயாணிகள், 3 ஊழியர்கள் என்று 19 பேரும் மாண்டனர். அவர்களில் 10 பேர் இந்தியர்கள். அந்தப் பத்தில் எட்டுப் பேர் திருச்சியைச் சேர்ந்தவர்கள், கட்டுமானத் தொழிலில் இருந்தவர்கள். கூட்டாகச் சுற்றுலா போனவர்கள் ஒன்றாகவே பிணமாகத் திரும்பினார்கள். திருச்சி மாநகரம் அன்று அழுத அழுகையைப் பலர் இன்னும் மறக்கவில்லை.

ஏன் நடந்தது இந்த விபத்து? இயந்திரம் நின்றுபோனதா? இல்லை. மழைக்கால மேகம் தாழ்ந்து கிடந்தது. 6,000 அடி உயரத்தில் வர வேண்டிய விமானம் 5,000 அடியில் வந்தது. மேகத்துக்குள் புகுந்தது. மலை இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை. விசாரணைக் குழு இன்னொன்றையும் கண்டது. தலைமை விமானிக்குப் போதிய ஓய்வு கிடைத்திருக்கவில்லை. அவர் குறுகிய அவகாசத்தில் வேலைக்கு அழைக்கப்பட்டவர். விமானத்தை ஓட்டும் பொறுப்பை அனுபவம் குறைந்த துணை விமானியிடம் கொடுத்துவிட்டு, அவருக்கு வழி சொல்லிக்கொண்டு வந்தார்.

ஓய்வில்லாத மனிதர், அனுபவம் போதாத துணை, மேகம். இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் மலை நின்றது.

கேதார்நாத்தில் நடந்தது

நேபாளம் வெளிநாடு, நமது நாட்டில் அப்படி நடக்காது என்று சொல்ல முடியுமா?

கேதார்நாத் கோயில் சுமார் 11,700 அடி உயரத்தில் இருக்கிறது. கௌரிகுண்டிலிருந்து 16 கிலோமீட்டருக்கு மேல் ஏற வேண்டும். வயதானவர்களால் முடியாது. ஆகவே அடிவாரத்திலிருந்து ஹெலிகாப்டர்கள் விடுகிறார்கள். பத்து நிமிஷத்துக்குள் முடிகிற பயணம். ஒரு நாளில் ஓர் இயந்திரம் எத்தனை நடை போகிறதோ அத்தனை வருமானம். மேகம் மூடுவதற்கு முன்னால் எத்தனை நடை அடிக்கலாம் என்பதே கம்பெனியின் கணக்கு.

2022 ஆகஸ்டில், கேதார்நாத்துக்கு ஹெலிகாப்டர் விடும் ஐந்து கம்பெனிகளுக்குப் பாதுகாப்பு விதிகளை மீறியதற்காகத் தலா 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது விமானப் போக்குவரத்து இயக்குநரகம். இரண்டு மாதம்தான் போயிற்று. அக்டோபர் 18 அன்று கேதார்நாத்துக்கு அருகில் கருட் சட்டி என்ற இடத்தில் மூடுபனியில் ஒரு ஹெலிகாப்டர் விழுந்து நொறுங்கியது. விமானியும் ஆறு பிரயாணிகளும் மாண்டனர். பிரயாணிகளில் மூவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அபராதம் கட்டுவது வியாபாரச் செலவில் ஒன்றாகிவிட்டால் உயிர் எப்படிப் பிழைக்கும்?

2025ல் நிலைமை இன்னும் மோசமாயிற்று. மே 8 முதல் ஜூன் 15 வரை, ஆறு வாரத்துக்குள், உத்தராகண்டின் யாத்திரைத் தடங்களில் சிறிதும் பெரிதுமாக ஐந்து ஹெலிகாப்டர் விபத்துகள். மே 8 அன்று கங்கோத்ரி வழியில் ஆறு பேர் மாண்டனர். ஜூன் 15 அதிகாலை கௌரிகுண்டு அருகில் ஏழு பேர். அவர்களில் ஒன்று இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை. அன்று அந்த ஹெலிகாப்டருக்கு ஒதுக்கிய நேரம் காலை 6 மணிக்கு மேல். அது அதற்கு முன்பே கிளம்பியது என்றும், மேகமும் பனியும் இருந்தும் வானிலையைச் சரிபார்க்கவில்லை என்றும் கம்பெனியின் இரண்டு மேலாளர்கள் மீது போலீஸ் வழக்குப் பதிந்தது. 2022 அக்டோபரில் விழுந்ததும் 2025 ஜூனில் விழுந்ததும் ஒரே கம்பெனியின் ஹெலிகாப்டர்கள் என்பதையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

விமானி மட்டும்தான் குற்றவாளியா?

விபத்து நடந்ததும் வழக்கமாக வருகிற வார்த்தை: “விமானியின் தவறு.” செத்தவர் மறுத்துப் பேச மாட்டார் அல்லவா?

நமது பகுதியில் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் பிரஸ் மிஷின் ஓட்டுகிற தொழிலாளிக்கு இந்தச் சங்கதி நன்றாகப் புரியும். இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்தினால்தான் மிஷின் இறங்க வேண்டும். குறுக்கே கை போனால் நிறுத்துவதற்கு சென்சார் உண்டு. ஷிப்டுக்கு இத்தனை உருப்படி என்று கணக்குப் போட்டு, சென்சார் அடிக்கடி நிறுத்துகிறது என்று அதை முடக்கி வைத்தால் என்ன ஆகும்? விரல் போகும். விரல் போன பிறகு “ஆபரேட்டரின் அஜாக்கிரதை” என்று ரிப்போர்ட் எழுதப்படும். சென்சாரை முடக்கச் சொன்னது யார் என்பது ரிப்போர்ட்டில் வராது.

மலையில் பறக்கிற விமானிக்கு அந்த சென்சார் எது? “மேகம் இறங்கிவிட்டது, இன்று பறக்க முடியாது” என்று சொல்லும் அவருடைய வாய்தான் அது. அந்த வாயை யார் யார் அடைக்கிறார்கள்? நடைக்கு இத்தனை என்று வருமானம் பார்க்கிற கம்பெனி அடைக்கிறது. மறுத்தால் அடுத்த பருவத்துக்கு ஒப்பந்தம் கிடைக்குமா என்ற பயம் அடைக்கிறது. அத்துடன், “இவ்வளவு பணம் கட்டிவிட்டு வந்திருக்கிறோம், நாளைக்கு ரயில் டிக்கெட் இருக்கிறது, எப்படியாவது போங்கள்” என்று நச்சரிக்கிற பிரயாணியும் தெரியாமல் அந்தக் காரியத்தில் ஒரு கை கொடுக்கிறான்.

பழியை விமானி தலையில் போடுவது நமது நாட்டு வழக்கம் மட்டும் அல்ல. 1979 நவம்பர் 28 அன்று, அண்டார்டிகாவின் பனிமலைகளை மேலிருந்து காட்டுவதற்காக நியூஜிலாந்திலிருந்து கிளம்பிய பெரிய விமானம் எரிபஸ் மலையில் மோதியது. 257 பேர் மாண்டனர். முதல் விசாரணை விமானிகள் மீது பழி போட்டது. நீதிபதி பீட்டர் மஹோன் நடத்திய விசாரணைக் கமிஷன் 1981ல் உண்மையை வெளிக்கொண்டு வந்தது. விமானத்தின் கம்ப்யூட்டரில் பதிந்திருந்த வழித்தடத்தைக் கம்பெனி மாற்றியிருந்தது. விமானிகளுக்கு அதைச் சொல்லவில்லை! நாற்பது ஆண்டு கழித்து, 2019ல்தான் அந்த நாட்டுப் பிரதமர் அரசாங்கத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

ஓய்வு விஷயத்தில் நமது சர்க்காரின் லட்சணத்தையும் பார்த்தோம். விமானிகளின் ஓய்வைக் கூட்டி, இரவில் இறங்கும் வேலையைக் குறைக்கும் புதிய விதிகள் 2025ல் அமலுக்கு வந்தன. நாட்டின் மிகப் பெரிய விமானக் கம்பெனி அதற்குத் தகுந்த எண்ணிக்கையில் விமானிகளை வைத்துக்கொள்ளவில்லை. டிசம்பர் மாதத் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. ஜனங்கள் விமான நிலையங்களில் தரையில் படுத்துக் கிடந்தார்கள். சர்க்கார் செய்தது என்ன? அந்தக் கம்பெனிக்காக விதியைத் தற்காலிகமாகத் தளர்த்தியது. 2023 ஏப்ரலில் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்து அதை வாபஸ் வாங்க வைத்தன. தூக்கமில்லாத மனிதன் மிஷின் முன்னால் நின்றாலும் ஆபத்து, விமானத்தில் உட்கார்ந்தாலும் ஆபத்து. இரண்டும் ஒரே பிரச்சினை.

பிரயாணி தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆகவே சவாரியே வேண்டாம் என்பது நமது வாதம் அல்ல. மலையின் அழகு பணக்காரனுக்கு மட்டும் சொந்தமா என்ன? உழைக்கிறவனும் பார்க்கட்டும், அவன் பெற்றோரும் பார்க்கட்டும். கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும் என்பதே நாம் சொல்வது.

முதலாவது, பணம் வாங்கிக்கொண்டு ஆளை ஏற்றுவதற்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் வாணிப அனுமதி வேண்டும். தனியார் சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்த விமானத்தில் காசு வாங்கி ஆளேற்றக் கூடாது. “உங்கள் அனுமதியைக் காட்டுங்கள்” என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். பஸ்ஸில் ஏறினால் பர்மிட் வண்டிதானா என்று பார்க்கிறோமே! கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட்டை ரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. நடத்தும் ஹெலியாத்ரா தளத்தில்தான் வாங்க வேண்டும். அதே மாதிரி தோற்றத்தில் போலித் தளங்கள் வைத்துப் பணம் பறித்தவர்கள் ஏராளம்.

இரண்டாவது, இன்ஷூரன்ஸ். உரிமம் பெற்ற விமானத்தில் பிரயாணியாகப் போனால் மட்டுமே இழப்பீடு என்று விபத்துப் பாலிசிகளில் சாதாரணமாக ஒரு வரி இருக்கும். அனுமதியில்லாத இயந்திரத்தில் ஏறினால் அந்த வரி உங்கள் குடும்பத்துக்கு எதிராக நிற்கும். ஈ.எஸ்.ஐ. இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். குடும்பத்துக்கான ஈ.எஸ்.ஐ. பென்ஷன் வேலை சம்பந்தமான விபத்துச் சாவுக்குத்தான் உண்டு, உல்லாசப் பயணத்தில் நேர்ந்த சாவுக்குக் கிடையாது. கம்பெனி எடுத்திருக்கும் குழு இன்ஷூரன்ஸில் என்ன எழுதியிருக்கிறது என்று சங்கத்தின் மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, வானிலை. இந்தச் சவாரிகள் பெரும்பாலும் விமானியின் கண்பார்வையை நம்பி நடப்பவை. கண்ணுக்கு மலை தெரியவில்லையென்றால் மலை இல்லை என்று அர்த்தம் அல்ல. மலையில் காலையில் தெளிந்திருக்கும் வானம் ஒரு மணி நேரத்தில் மூடிக்கொள்ளும். மழைக்காலத்தில் இன்னும் மோசம். ஆகவே டிக்கெட் வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: “வானிலையால் ரத்தானால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா?” கிடைக்காது என்றால் அந்தச் சவாரி வேண்டாம். பணம் போய்விடும் என்ற பயம் இருக்கிற பிரயாணி விமானியை நெருக்குவான். பணத்தைத் திருப்ப வேண்டியதில்லை என்ற கம்பெனி நாணயமாக நடக்காது. திரும்பும் ரயிலுக்கு முந்தின நாளில் சவாரியை வைத்துக்கொள்ளாமல், கையில் ஒரு நாள் உபரியாக வைத்துத் திட்டமிடுங்கள். ஒரு நாள் லாட்ஜ் வாடகை உயிரைவிடப் பெரிதல்ல.

நான்காவது, எடை. ஐந்தாறு பேர் ஏறுகிற இயந்திரத்தில் பத்துக் கிலோவுக்கும் கணக்கு உண்டு. உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. மெலிந்த காற்றில் ஹெலிகாப்டர் தூக்கும் பாரமும் குறைகிறது. ஆகவே எடையைக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். மூட்டையை ஒளித்து ஏற்றாதீர்கள். சொன்ன இடத்தில் உட்காருங்கள். கணவனையும் மனைவியையும் தனித்தனியாக உட்கார வைத்தால் சண்டை போடாதீர்கள், பாரத்தைச் சமன் செய்வதற்காக அப்படிச் செய்கிறார்கள்.

ஐந்தாவது, இயந்திரத்தின் அருகில் நடக்கும் முறை. சுழலும் இறக்கை கண்ணுக்குத் தெரியாது. 2023 ஏப்ரலில் கேதார்நாத்தில் அரசு அதிகாரி ஒருவரே ஹெலிகாப்டரின் வால் சுழலியில் அடிபட்டு மாண்டார். ஊழியர் கை காட்டும் வரை கிட்டே போகக் கூடாது. பின்பக்கம் போகவே கூடாது. தலையைக் குனிந்து, விமானியின் கண்ணில் படும்படி முன்பக்கமாகவே போக வேண்டும். தொப்பி, துண்டு, சால்வை பறக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் கையை விடாதீர்கள். படம் எடுப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஆறாவது, உள்ளே ஏறியதும் பெல்ட்டைப் போடவும் கழற்றவும், கதவைத் திறக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் சொல்லித் தராவிட்டால் கேளுங்கள். கடல்மேல் போனால் மிதவைச் சட்டை எங்கே என்று பாருங்கள். அதை விமானத்துக்கு உள்ளே ஊதிப் பெரிதாக்கக் கூடாது, வெளியே வந்த பிறகே ஊத வேண்டும். கிளம்பும்போதும் இறங்கும்போதும் விமானியிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். இருதய நோய், ஆஸ்துமா உள்ள பெரியவர்களை ஒரே மூச்சில் 11,000 அடிக்கு மேலே கொண்டுபோவதற்கு முன்பு டாக்டரைக் கேளுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. விமானி “இன்று வேண்டாம்” என்று சொன்னால் அவருக்கு நன்றி சொல்லுங்கள். சத்தம் போடுகிற சக பிரயாணியை நீங்களே அடக்குங்கள். அந்த நேரத்தில் அவர் கம்பெனியோடு உங்களுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்.

நமது கோரிக்கை

ஆனால் பிரயாணியின் ஜாக்கிரதையோடு விஷயம் முடிந்துவிடுமா? முடியாது. முடியும் என்று சொல்கிறவர் சர்க்காரையும் கம்பெனியையும் தப்பவிடுகிறார். விமானிக்கு எத்தனை மணி நேரம் ஓய்வு, நேற்று எத்தனை நடை, கடைசிப் பரிசோதனையில் என்ன பழுது என்பதைப் பிரயாணி வாசலில் நின்று எப்படிக் கண்டுபிடிப்பான்? அதைக் கண்டுபிடிக்கத்தான் சர்க்கார் இருக்கிறது.

2025 ஜூன் விபத்துக்குப் பிறகு கேதார்நாத் தடத்தில் ஹெலிகாப்டர் சேவையை இரண்டு நாள் நிறுத்தினார்கள். டேராடூனில் கட்டுப்பாட்டு மையம் அமைக்க உத்தரவு போட்டார்கள். அமெரிக்காவிலும் இதே கதைதான். கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் மேலே 1986 ஜூன் 18 அன்று காட்சி காட்டும் விமானமும் ஹெலிகாப்டரும் மோதி 25 பேர் மாண்ட பிறகே, 1987ல் அங்கே பறப்பதை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. பிணம் விழுந்த பிறகுதான் சட்டம் எழுந்திருக்க வேண்டுமா?

ஆகவே நாம் கோருவது இதுதான். வானிலையால் ரத்தாகும் சவாரிக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தருவது சட்டப்படி கட்டாயமாக வேண்டும். பறக்க மறுத்த விமானியின் சம்பளத்தையோ ஒப்பந்தத்தையோ தொடக் கூடாது. நடைக்கு இத்தனை என்று ஊக்கத்தொகை காட்டி ஓட்டுவதைத் தடை செய்ய வேண்டும். ஒவ்வொரு கம்பெனியிலும் நடத்திய சோதனையின் முடிவை டிக்கெட் விற்கும் இடத்திலேயே ஒட்ட வேண்டும். விபத்தை விசாரிக்கும் அமைப்பு இன்று விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழேயே இருக்கிறது. அதை அமைச்சகத்தின் பிடியிலிருந்து விடுவித்துச் சுயேச்சையாக்க வேண்டும். அதன் அறிக்கைகள் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் ஜனங்களுக்குக் கிடைக்க வேண்டும். நமது கடற்கரையிலும் மலையிலும் இத்தகைய சவாரிகளுக்கு அனுமதி கொடுக்கும்போது தமிழ்நாடு சர்க்கார் இந்த நிபந்தனைகளை முதலிலேயே விதிக்க வேண்டும்.

ஆபத்து என்று தெரிந்ததும் மிஷினை நிறுத்தும் உரிமை தொழிலாளிக்கு வேண்டும் என்று கேட்கிறோம். அதே உரிமை விமானிக்கும் வேண்டும். அந்த உரிமை இருக்கிற இடத்தில் தைரியமாக ஏறுங்கள். இல்லாத இடத்தில் மலையைத் தரையில் நின்றே பாருங்கள். அது எங்கும் ஓடிவிடாது.